தொண்ணூறாயிரமும் பத்து வருஷமும்

டெல்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் முதல் கடைக்காரன் "பேட்டே கே லியே, மேடம்?" என்று கேட்டபோது மாதங்கிக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவது கடைக்காரனும் மகனுக்குத்தானே என்று அதையே கேட்டான். மூன்றாவது கடையில் அதே கேள்வி வந்ததும் திரும்பி நடந்தாள். முப்பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி காட்டன் புடவையும் துணிப்பையுமாக வந்து கேமிங் கம்ப்யூட்டருக்குச் சாமான் கேட்டால், வீட்டில் தடியனாக ஒரு பையன் இருந்தே ஆக வேண்டும் என்று அந்த வளாகத்தில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். மாதங்கிக்குப் பையன் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. கம்ப்யூட்டர் அவளுக்கு.

ஒரு கம்ப்யூட்டரைத் தனக்கென்று வாங்கக் கிளம்புவதற்கு அவளுக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

தொண்ணூற்றெட்டில் அவர்கள் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். அப்பா சங்கரநாராயணன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அந்த வரிசையிலேயே முதல் கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. வந்தது அண்ணன் வெங்கியின் படிப்புக்காக. அவனுக்குப் பதினேழு, இவளுக்குப் பதினாலு. வெங்கி அதில் படித்ததை யாரும் பார்த்ததில்லை. திரையில் படம் மாற்றுவான், சீட்டு விளையாடுவான், நண்பர்கள் வந்தால் மவுஸை உருட்டிக் காட்டுவான். அவன் கோச்சிங் வகுப்புக்குப் போகிற மாலை இரண்டு மணி நேரம் மட்டும் மாதங்கிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் ஒரு விளையாட்டில் ஊர்கள் கட்டினாள். ரோடு போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, வரி வசூலித்து, நான்கு லட்சம் ஜனங்கள் வாழ்கிற ஊர்.

மூன்றாவது கோடையில் ஒருநாள் உள்ளே பட்டென்று ஒரு சத்தம். கருகின நாற்றம். அப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது மாதங்கி.

"இவ கேம் ஆடி ஆடியே பாழாக்கிட்டா" என்றான் வெங்கி. அம்மாவும் அதையே சொன்னாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே தீர்ப்பு என்று ஆயிற்று. பழுதுபார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கழற்றி, அதனுள் உப்பி வெடித்திருந்த சின்ன உருளையைக் காட்டினான். பவர் சப்ளை இருப்பதிலேயே மட்டமானது, டெல்லி வோல்டேஜைத் தாங்கவில்லை, யார் உட்கார்ந்திருந்தாலும் வெடித்திருக்கும் என்று இந்தியில் சொன்னான். வீட்டில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவன் சொன்னதைக் காதில் வாங்கியது மாதங்கி ஒருத்திதான். புதுப் பெட்டி போட்டு ஓட வைத்த பிறகு அந்த இரண்டு மணி நேரமும் அவளுக்கு இல்லையென்று ஆனது.

பிறகு வெங்கி இன்ஜினீயரிங் முடித்தான், நொய்டாவில் பெரிய கம்பெனியில் மேனேஜரானான். மாதங்கி பி.காம். முடித்து விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் சேர்ந்தாள். எந்தப் பெட்டிக்கு எந்தக் காகிதம் குறைகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. பதினெட்டு வருஷம் அதையே செய்ததில், எந்தக் காகிதத்தையும் ஒரு முறை பார்த்தால் பொய் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அம்மா போன பிறகு அவளும் அப்பாவும் டெல்லியிலேயே துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் இருந்தார்கள். நாலு வருஷத்துக்கு ஒரு முறை வெங்கி புது லேப்டாப் வாங்குவான். பழையதைத் தங்கைக்குத் தானம் செய்வான். கீபோர்டில் அவன் தின்ற பிஸ்கட் தூள் இருக்கும். "எடுத்துக்கோ, நன்னாத்தான் இருக்கு" என்பான். நன்றாக இருந்தால் அவன் ஏன் கொடுக்கப் போகிறான் என்று அவள் கேட்டதில்லை. கடைசியாக வந்த லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டால் மின்விசிறி அலறுகிற அலறலில், யார் மிக்ஸி போட்டது என்று அப்பா பக்கத்து அறையிலிருந்து கேட்பார்.

2023 மார்ச்சில் அவள் முடிவெடுத்தாள். தொண்ணூறாயிரம் ரூபாய். பத்து வருஷம் ஓட வேண்டும். இந்த இரண்டிலும் பேரம் கிடையாது.

மூன்று மாதம் அவள் படித்தாள். முதலில் யூடியூப் போனாள், ஒரே வாரத்தில் வெறுத்துவிட்டாள். வாயைப் பிளந்து கன்னத்தில் கை வைத்த ஆண்கள். ஒவ்வொருவனும் கத்தினான். ஒவ்வொருவனும் போன மாதம் கட்டின கம்ப்யூட்டரை இந்த மாதம் குப்பை என்றான். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொன்னவனே, அடுத்த வீடியோவில் அதை விற்றுவிடச் சொன்னான். ஒரு பெட்டியை இரண்டு வருஷம் கூட வைத்துக்கொண்டு பார்க்காதவர்கள் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தாளவில்லை. பிள்ளையே பெறாதவன் பிரசவம் பார்க்கக் கிளம்பியது போல.

எனவே அவள் புகார் எழுதுகிற இடங்களுக்குப் போனாள். எது வேகம் என்று அவள் தேடவில்லை. எது முதலில் சாகிறது, எந்தக் கோடையில் சாகிறது, சாகும்போது கூட எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று தேடினாள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டாள். இடது பக்கம், பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை: கிராஃபிக்ஸ் கார்டு, மெமரி, டிஸ்க். வலது பக்கம், மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டியவை: மதர்போர்டு, பவர் சப்ளை, கேபினெட். உலகம் முழுக்க இடது பக்கத்தில் காசைக் கொட்டி வலது பக்கத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தலைகீழாக எழுதினாள். இன்னும் பல வருஷம் புது பிராசசர்கள் பொருந்தும் என்று சொல்லப்பட்ட மதர்போர்டு. தேவைக்கு மேல் தெம்பும் பத்து வருஷ வாரண்டியும் உள்ள பவர் சப்ளை. பிராசசர் நடுத்தரம், ஆறு கோர் போதும். கார்டு, மிச்சமிருக்கிற காசுக்கு எது வருமோ அது. மினுக்குகிற வண்ண விளக்கு எதிலும் கிடையாது.

அப்பா மூலம் விஷயம் வெங்கிக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வந்து நின்றான்.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என்ன பண்ணிண்டிருக்க?"

"உங்கிட்ட எதுக்குண்ணா சொல்லணும்?"

"நான் ஐ.டி.யில இருக்கேன்."

"மீட்டிங்தானே நடத்தற. மதர்போர்டைக் கையால தொட்டிருக்கியா?"

அதைக் காதில் வாங்காமல் அவன் லேப்டாப்பைத் திறந்தான். எக்ஸெல் பட்டியல், கட்டத்துக்குக் கட்டம் வண்ணம். இருப்பதிலேயே விலையுயர்ந்த பிராசசர். தண்ணீர் ஓடிக் குளிர வைக்கிற கூலர். மூன்று பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட். வானவில் விளக்கோடு ஏழு ஃபேன். கடைசி வரிசையில் பவர் சப்ளை என்று போட்டு, அதற்கு எதிரே 'எனி' என்று எழுதியிருந்தான்.

மாதங்கி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "இது என்ன?"

"எதுவானாலும் சரின்னு அர்த்தம். அது வெறும் டப்பாடி. கரண்ட் குடுக்கும். அதுல போய் யாராவது காசைப் போடுவாளா?"

"நம்ம பழைய கம்ப்யூட்டர்ல வெடிச்சுதே, அதுவும் எதுவானாலும் சரின்னு வாங்கினதுதான்."

"அது நீ ஓவரா விளையாடி வெடிச்சது" என்றான் வெங்கி, சர்வ சாதாரணமாக.

இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அவன் அதை நம்பிக்கொண்டிருந்தான். மாதங்கி லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். இவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்பது ஞாபகம் வந்து, அந்த நாற்பது பேருக்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது.

"அவன் சொல்றதைக் கேளேன்மா. அவனுக்குத் தெரியும்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்பா, நீங்க பேப்பர் படிங்கோ."

"நாப்பது வயசுல உனக்கு எதுக்கு கேமிங்?" என்று வெங்கி கேட்டான். "எங்க ஆபீஸ் வெண்டர் கிட்ட சொல்லி ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தரேன். இல்லைன்னா என்னோடது ஆகஸ்ட்ல வந்துடும்."

"ஆகஸ்ட்ல வரதை வாட்ச்மேனுக்குக் குடு" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

சனிக்கிழமை மெட்ரோவில் இரண்டு இடத்தில் வண்டி மாறி நேரு பிளேஸ் வந்தாள். மூன்று கடையில் இல்லாத மகனைப் பற்றி விசாரித்தார்கள். நான்காவது கடையில் விசாரிக்கவில்லை. ஆன்ட்டி என்று கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் எழுதியிருந்த கார்டையே எடுத்துக் காட்டினான். எல்லோரையும்விட மூவாயிரம் குறைவு. ஏக்தம் புதுசு, சீல் பிரிக்காதது என்றான். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். சீல் மேல் சீல் ஒட்டியிருந்தது. பிரிக்கச் சொன்னாள். ஸ்க்ரூ தலைகளில் கீறல். ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து காய்ந்திருந்தது. எங்கேயோ ஒரு கொட்டகையில், பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு தோண்டுவதற்காக ஒரு வருஷம் ஓயாமல் ஓடிக் களைத்த கார்டு அது. குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் புதுப்பெண் என்று உட்கார வைத்திருந்தார்கள்.

"சீல் ஒட்டினவரைப் பிசுக்கையும் ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருக்கலாம், பையா" என்று இந்தியில் சொன்னாள். அவன் சிரித்தான். வெட்கமே படாமல் அடுத்த பெட்டியை எடுக்கப் போனான். பதினெட்டு வருஷமாகச் சரக்குக் காகிதம் பார்க்கிறவளிடம் இந்த லட்சணத்தில் ஒரு பொய்யைக் கொண்டுவந்து வைக்கிறானே, பொய்யையாவது கொஞ்சம் சிரத்தையாகச் சொல்லக்கூடாதா என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

பின்கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில் அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே முப்பது வயதுக்காரன் ஒருவன் போனில் கேஸ் சிலிண்டர் வந்ததா என்று தமிழில் தன் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் மாதங்கி தமிழிலேயே பட்டியலை நீட்டினாள். பெயர் மதியழகன், சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், பிறந்தது டெல்லி. அவன் யாருக்கு என்று கேட்கவில்லை. பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"எத்தினி வருசம் ஓடணுங்க்கா?"

"பத்து."

"பத்துலாம் மொத்தமா ஓடாது. போர்டும் பவர் சப்ளையும் ஓடும். கார்ட அஞ்சாவது வருசம் மாத்திக்கணும். அதுக்குத்தான இப்படி எழுதிருக்கீங்க?"

"ஆமா."

"அச்சா லிஸ்ட்டுக்கா. ஒண்ணு மட்டும் குப்பை."

மாதங்கிக்கு முகம் சுருங்கியது. "எது?"

"கேபினெட். முன்னாடி மூஞ்சி பூரா மூடியிருக்கு. காத்து எங்கருந்து வரும்? வெளிநாட்டுக்காரன் ரிவ்யூ பாத்து எழுதினீங்களா? அவன் ஊர்ல மே மாசம் ஸ்வெட்டர் போட்டுனு இருப்பான். இங்க மே மாசம் வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி, அதுங்கூட ராஜஸ்தான் மண்ணு."

அவன் சொன்னது சரி. அது சரியென்று தெரிந்த கணத்தில் மாதங்கிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்று மாதம் யூடியூப் ஆண்களைத் திட்டிவிட்டு, சத்தமில்லாமல் பேசினான் என்ற ஒரே காரணத்துக்காக எவனோ குளிர்நாட்டுக்காரன் சொன்னதை அப்படியே நோட்டில் இறக்கியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து டெல்லியில் இருக்கிறாள், ஜன்னலைத் துடைத்த அரை மணியில் மறுபடி மண் படிகிறதைப் பார்க்கிறாள், அது மூளைக்கு எட்டவில்லை.

மதியழகன் மேல்தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினான். முன்பக்கம் முழுக்க வலை. உள்ளே கழற்றக்கூடிய ஒரு தூசி வடிகட்டி.

"பாக்க நல்லாவே இருக்காதுக்கா. ஆனா இத கழட்டி குழாயில கழுவலாம். மாசம் ஒரு தடவை. விலையும் கம்மி."

"அப்ப ஏன் எல்லாக் கடையிலயும் கண்ணாடியை அடுக்கி வெச்சிருக்கா?"

"கண்ணாடிதான் கேக்கறாங்க. லைட்டு கேக்கறவங்களுக்கு நானும் லைட்டுதான் குடுக்கறேன். நாலு நல்ல வார்த்த சொல்லிப் பாத்தேன், அடுத்த கடைக்குப் போய் அதையே வாங்கினு போறானுங்க. நமக்கென்ன." முகத்தில் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னான். தன்னைப் போலவே ஜனங்களை மதிக்காத ஒருவனை அந்த வட்டாரத்தில் பார்த்ததில் மாதங்கிக்கு அன்று முதல் முறையாக மனசு லேசானது.

எல்லாம் எண்பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. நானே பொருத்திக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம் என்றான். தானே செய்துகொள்வதாகச் சொன்னாள். அவன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினான். "மொத தடவ ஆன் பண்ணா படம் வர லேட்டாவும். பயந்துக்காதீங்க" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, மதர்போர்டின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்து ஆரம்பித்தாள். பதினோரு மணிக்கு வெங்கி சமோசாவோடு வந்தான். கூப்பிட்டது அப்பா. மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடி சமோசா தின்றுகொண்டே, அதை அழுத்தாதே, இதை முறிக்காதே, ஸ்டாட்டிக் வரும், செருப்புப் போட்டுக்கோ என்று வரிசையாகச் சொன்னான். உதிர்ந்த தூள் மதர்போர்டுக்கு ஒரு ஜான் தள்ளி விழுந்தது.

"அண்ணா, ஒண்ணு தின்னு, இல்லைன்னா பேசு. ரெண்டையும் அங்க சோபாவுல உக்காந்து பண்ணு."

இரண்டு மணி நேரமாயிற்று. கடைசி ஒயரையும் செருகிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

"சொன்னேனா?" என்று வெங்கி எழுந்தான்.

மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு, மெமரி என்று எழுதிய இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. புது மெமரியை மதர்போர்டு முதல் முறை பழகிக்கொள்ளச் சில நிமிஷம் ஆகும், நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்று கையேட்டில் இருந்தது. மாதங்கி அதைச் சொன்னாள்.

"பழகிக்கறதா? கம்ப்யூட்டர் என்ன நாய்க்குட்டியா? ஷார்ட் ஆயிருக்கு. முதல்ல ஆஃப் பண்ணு, மொத்தமும் எரிஞ்சுடும்." அவன் சுவரில் இருந்த சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். மாதங்கி அந்தக் கையில் பளீரென்று ஒன்று வைத்தாள். சமோசா எண்ணெய் அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

"அப்பா, பாருங்கோ இவளை."

"ஆஃப் பண்ணிடேன்மா" என்றார் அப்பா.

மூன்று நிமிஷம் ஆயிற்று. வெங்கி ஆபீஸ் வெண்டருக்குப் போன் போட்டு, என் தங்கை ஒரு காரியம் பண்ணிவிட்டாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு. ஐந்து. மாதங்கி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கருகின நாற்றம் வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இது ஓடாமல் போனால் இன்னொரு இருபத்திரண்டு வருஷத்துக்கு இந்த வீட்டில் இதுதான் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சுவிட்சுக்கும் வெங்கிக்கும் நடுவில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

ஏழாவது நிமிஷம் விளக்கு அணைந்தது. திரையில் எழுத்துகள் வந்தன. பிராசசர், ஆறு கோர். மெமரி, முப்பத்திரண்டு. ஒவ்வொரு வரியையும் அவள் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள்.

வெங்கி போனை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தான். "அச்சா" என்றான். பிறகு, "என் லிஸ்ட்டும் ஏறக்குறைய இதேதான்" என்றான்.

மாதங்கி நோட்டை மூடி வைத்தாள். சில பேருக்குப் பதில் சொல்வது அவர்களை மதிப்பதாகிவிடும்.

அது ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று கோடை பார்த்துவிட்டது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவள் வடிகட்டியைக் கழற்றிக் குளியலறைக் குழாயில் காட்டுவாள். பழுப்பாக மண் கரைந்து ஓடும். போன வருஷம் வெங்கி அவள் பட்டியலை வாங்கித் தன் காலனி வாட்ஸாப் குழுவில் தன் பெயரில் போட்டான். அறுபத்து மூன்று பேர் கைகூப்பி நன்றி சொன்னார்கள். அவன் பெருமையாக அனுப்பிக் காட்டியதில் அவள் பார்த்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் சிக்கனத்துக்காக மாற்றியிருந்தான். பவர் சப்ளை, 'எனி'. அறுபத்து மூன்று வீட்டின் கோடைகாலத்தை நினைத்து ஒரு நிமிஷம் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. திருத்தச் சொல்லி அவனுக்கு ஒரு வரி எழுதலாமா என்று கூட நினைத்தாள். அவன் உடனே போன் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவான் என்று தோன்றியது. விட்டுவிட்டாள்.

இப்போது அவள் லாரி ஓட்டுகிற ஒரு விளையாட்டு ஆடுகிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்து, மாலைக் காப்பிக்குப் பிறகு, ஏதோ ஒரு மலைப்பாதையில் பதினாறு சக்கர வண்டி. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர் வாழ்க்கையில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. "இண்டிகேட்டர் போடாம திரும்பறே" என்பார். "ஹெட்லைட்டை இறக்கு, எதிர்ல வரான் பாரு" என்பார்.

போன வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து திறந்தபோது, வண்டி சாலையில் இல்லை. பள்ளத்தில் கிடந்தது. முன்கண்ணாடி நொறுங்கி, சரக்கு சரிந்து, நான்கு அபராதச் சீட்டு. அப்பா பக்கத்து அறையில் ரொம்பவும் கவனமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டியை யார் எடுத்தது?"

"நான்தான் கொஞ்ச நேரம் பாத்தேன்." பேப்பர் இறங்கவில்லை. "பிரேக் பிடிக்கலைம்மா. அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு இருக்கு. எதுக்கும் வெங்கியை ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லு."

மாதங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரிவர்ஸ் கியரைப் போட்டு, சக்கரம் சேற்றில் சுழலச் சுழல, மெல்ல வண்டியை மேலே ஏற்ற ஆரம்பித்தாள்.